ஒரு நிமிடத்தில் வெளுக்கும் திட்டு

“எனக்கு 42 வயது. வலி இல்லை, வெள்ளைப்படுதல் இல்லை. கர்ப்பப்பைவாய்ச் சோதனைக்கு வரச் சொல்கிறார்கள். ஒரு தொந்தரவும் இல்லாதவளுக்கு எதற்கு?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

தொந்தரவு வருவதற்கு முன்னால் செய்வதற்காகவே வந்த சோதனை அது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. வைரஸ்தான் காரணம் என்பது பலருக்கும் தெரியும். பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் தானாகவே போய்விடும். சிலருக்குத் தங்கிவிடுகிறது. தங்கினாலும் செல்கள் தடம் மாறிப் புற்றாக 10, 15 ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் வலிக்காது. ஆனால் கண்ணுக்குக் காட்டிவிட முடியும், அதுவும் நீர்த்த அசிட்டிக் அமிலத்தால். சமையலறை வினிகரில் இருப்பதும் அதுவே.

நர்ஸ் பஞ்சில் 3 முதல் 5 சதவீத அமிலத்தைத் தோய்த்து, கர்ப்பப்பைவாயில் ஒற்றி, ஒரு நிமிடம் காத்திருப்பார்.

அந்த ஒரு நிமிடத்தில் நடப்பது எனக்கு அலுப்பதே இல்லை. நலமான மேல்தோல் வழியாக விளக்கொளி அடியிலுள்ள ரத்தக்குழாய்கள் வரை போய்த் திரும்புகிறது. அதனால் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. தடம் மாறிய செல்களில் உட்கரு பெருத்து, புரதம் நெருக்கியடித்துக் கிடக்கும். அமிலம் பட்டதும் அந்தப் புரதம் திரள்கிறது. தோசைக்கல்லில் விழுந்த வெள்ளைக்கரு நிறமற்றிருந்து வெண்மையாவதைப் பார்த்திருப்பீர்களே, அதைப்போல. ஒளி உள்ளே போக வழியில்லாமல் மேலேயே சிதறித் திரும்ப, அந்தத் திட்டு மட்டும் பளிச்சென்று வெளுக்கிறது. வெந்த முட்டை பழையபடி ஆகாது. இந்த வெண்மையோ சில நிமிடங்களில் மங்கி மறைந்துவிடும்.

இதனால் உயிர் பிழைக்குமா என்பதற்குப் பதில் திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து வந்தது. 2000-ல் தொடங்கிய ஆய்வில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களை, பயிற்சி பெற்ற நர்ஸுகள் ஒரே ஒரு முறை சோதித்தார்கள். 2007-ல் லான்செட் மருத்துவ இதழ் முடிவை வெளியிட்டது: சோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் வந்த சாவுகள் 35 சதவீதம் குறைவு. மலிவான வழிகளைச் சோதித்துப் பார்க்கும் இப்படியான ஆய்வுகளுக்குப் பொதுப்பணம் இன்னும் தாராளமாக வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூடவே, பெயரைச் சொன்னாலே நோய் வந்துவிடும் என்று வாயை மூடிக்கொள்ளும் பழக்கமும் போக வேண்டும். அந்த மௌனத்தில் கழிவது, குணமாக்கக்கூடிய ஆண்டுகள்.

வெளுத்ததெல்லாம் புற்று இல்லை. சாதாரண அழற்சியும் வெளுக்கும். ஆகவே அடுத்த கட்டப் பரிசோதனை உண்டு. புற்றுக்கு முந்தைய நிலைதான் என்றால் அந்தத் திட்டை உறையவைத்து அழித்துவிடலாம். பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு, செல்கள் தடம் மாறும் பகுதி உள்ளே ஏறிவிடுவதால் வினிகர் சோதனை அவ்வளவாக உதவாது, அப்போது வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனைதான் நல்லது. உங்கள் வயதுக்கு இரண்டுமே பொருந்தும். மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.