"இவளுக்கு ஓவியம் வராது சார்" என்று சொல்லும் பெற்றோருக்கு

ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்தவுடன், அவர்களில் பலர் பென்சிலைத் தொடாமலேயே "எனக்கு வரைய வராது சார்" என்கிறார்கள். பதினொரு வயதில் இந்தத் தீர்ப்பை அவர்கள் தாமாக எழுதிக்கொள்வதில்லை. இந்த ஆண்டும் ஒரு தாயார், மகளை அருகில் நிறுத்திக்கொண்டே, "எங்கள் குடும்பத்தில் யாருக்குமே வரையத் தெரியாது, ஓவியப் பாடவேளையில் இவளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்" என்று கேட்டார். இதே வேண்டுகோளைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

ஓவியம் பரம்பரையாக வருவது, பிறவியிலேயே வாய்ப்பது என்ற நம்பிக்கையைப் போல் எங்கள் பாடத்தைக் கெடுத்தது வேறொன்றும் இல்லை. வாய்ப்பாட்டில் தடுமாறும் பிள்ளையைப் பார்த்து "நம் வீட்டில் யாருக்கும் பெருக்கல் கிடையாது" என்று சொல்லி யாரும் விட்டுவிடுவதில்லை, கற்றுக்கொடுக்கிறோம். ஓவியத்துக்கு மட்டும் ஏன் அந்த நியாயம் இல்லை?

இரண்டு வயதில் சுவரெங்கும் கிறுக்காத பிள்ளை அரிது. மூன்று, நான்கு வயதில் வட்டமாகத் தலையை வரைந்து, அதிலிருந்தே கால்களை இழுத்துவிடுவார்கள். ஏழெட்டு வயதில் தாளின் அடியில் தரைக்கோடு ஒன்றைப் போட்டு, வீட்டுச் சுவர் கண்ணாடியால் ஆனதுபோல உள்ளே சமைக்கும் அம்மாவையும் காட்டுவார்கள். அந்த அம்மா வாசற்கதவைவிடப் பெரியவராக இருப்பார். இவற்றில் எதுவுமே பிழை அன்று. குழந்தை ஓவியத்தின் இந்தப் படிநிலைகளைக் கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1940களிலேயே வரிசைப்படுத்திக் காட்டிவிட்டார். அப்படியிருந்தும் சிவப்பு மையால் அந்த அம்மாவின் மேல் கோடு கிழித்த ஏடுகள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன.

சிக்கல் ஒன்பது வயதுக்கும் பதினொரு வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. அப்போது பிள்ளையின் கண் கையைவிட வேகமாக வளர்ந்துவிடுவதால், தான் வரைந்த மாடு மாடுபோல இல்லை என்பது அதற்கே தெரிந்துவிடுகிறது. கற்பிக்க வேண்டிய பருவம் அதுதான்; பெரியவர்களாகிய நாம் "வராது" என்று முத்திரை குத்துவதும் அதே பருவத்தில்தான்.

நாங்கள் வகுப்பில் கற்பிப்பது பெரும்பாலும் பார்க்கும் முறையைத்தான். நாற்காலியின் நான்கு கால்களும் ஒரே நீளம் என்று பிள்ளைக்குத் தெரியும். ஆகவே கண்ணுக்கு எப்படித் தெரிந்தாலும் அது நான்கையும் ஒரே அளவில் வரைகிறது. நாற்காலியை மறந்துவிட்டுக் கால்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தின் வடிவத்தை மட்டும் வரையச் சொன்னால், "வராது" என்று வந்த பிள்ளையின் தாளிலும் நாற்காலி நேராக நிற்கத் தொடங்கும். (அந்த நேரத்தில் ரப்பரை நான் வாங்கி வைத்துக்கொள்வேன். அழித்து அழித்தே பாடவேளையைக் கழிக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு.)

வீட்டில் இருப்பவர்கள் சிலவற்றை உடனே நிறுத்த வேண்டும். பிள்ளையின் படத்தில் நீங்கள் கை வைக்காதீர்கள். போட்டிக்காக நீங்கள் வரைந்து, பிள்ளை வண்ணம் மட்டும் தீட்டிய படத்தைக் கோட்டின் அழுத்தத்தைப் பார்த்தே எங்களால் கண்டுபிடிக்க முடியும். பரிசு கிடைக்காததைவிட, தன் கோடு போதாது என்று பிள்ளை அறிந்துகொள்வதுதான் பெரிய இழப்பு. இரண்டு மலை, நடுவே சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை என்ற மனப்பாடக் காட்சியைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். வாசலில் கிடக்கும் செருப்பையோ குடத்தையோ பார்த்து வரையச் சொல்லுங்கள். "இது என்ன?" என்று கேட்பதை விட்டு, "இதைப் பற்றிச் சொல்" என்று கேளுங்கள். பெரிய தாள் கொடுங்கள். பழைய நாட்காட்டியின் பின்பக்கமே போதும்.

பள்ளிகளுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிப் பாடத்திட்டங்களுக்கு வழிகாட்டும் ஆவணமான, 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பத்தாம் வகுப்பு வரை கலைக்கல்வியைக் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் அவ்வாறு நியமிக்கப்பட்டவர்களுக்கு அப்போது வாரத்தில் மூன்று அரைநாள்களே பணி தரப்பட்டது. அதிலும் தேர்வு நெருங்கினால் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் பாடவேளையைக் கேட்டு வந்துவிடுகிறார்கள். கலைத் திருவிழா அறிவிப்பு வந்த பிறகே எங்களைத் தேடுகிறார்கள். ஆண்டு முழுவதும் தாளைத் தொடாத பிள்ளையை ஒரு வாரத்தில் போட்டிக்குத் தயார் செய்யச் சொன்னால், எதையாவது பார்த்து நகலெடுக்கத்தான் அதற்குத் தெரியும்.

தலைமையாசிரியர்களிடம் பணிவோடு கேட்பது ஒன்றுதான்: பொதுத்தேர்வு எழுதும் பத்தாம் வகுப்புக்கும் வாரத்தில் ஒரு பாடவேளையாவது ஓவியத்துக்கு ஒதுக்கி, டிசம்பருக்குப் பிறகும் அதை வேறு பாடத்துக்குக் கொடுக்காமல் காப்பாற்றித் தாருங்கள்.