கிராஜுவிட்டி என்றால் பணிக்கொடையா?

சிங்கப்பூரில் இருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் நாலு ராத்திரி போய்வர எங்கள் குடும்பத்தில் ஒரு ஏற்பாடு. மதுரையில் ஒரு டிராவல்ஸ்காரர் தமிழிலேயே அச்சடித்த நோட்டீஸ் கொடுத்தார். அதில் ஒரு வரி: "பணிக்கொடை: நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 18 டாலர்." பெரியப்பா அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்துவிட்டுக் கேட்டார்: "ஏப்பா, கப்பல்ல போனா நமக்குப் பணிக்கொடை தர்றாங்களா?"

சிரிக்காதீர்கள், அவர் படித்தது சரி. நம்மூரில் பணிக்கொடை என்றால் வேலையை விட்டு வரும்போது முதலாளி கொடுக்கும் பணம். 1972 ஆம் வருஷச் சட்டம் போட்டு வைத்த கணக்கு: ஐந்து வருஷம் வேலை பார்த்திருந்தால், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். கிராஜுவிட்டிக்குத் தமிழாக அந்தச் சொல் நன்றாகவே ஊன்றிவிட்டது. தப்பு எங்கே என்றால், ஆங்கிலத்தில் அதே கிராஜுவிட்டிக்கு டிப்ஸ் என்றும் ஒரு பொருள் உண்டு, மொழிபெயர்த்தவர் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டார். நானும் இதை மூன்றாவது இடத்தில் பார்த்துவிட்டேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வேர் பற்றிச் சுருக்கமாக. கிராஜுவிட்டி லத்தீன் வழி வந்தது, மனம் குளிர்ந்து கொடுப்பது என்ற கருத்து. டிப் என்பது 17ஆம் நூற்றாண்டுத் திருடர் பாஷையில் "கொடு, தள்ளிவிடு" என்ற மாதிரி. அதை ஏதோ மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது கட்டுக்கதை. பிரெஞ்சுக்காரனும் ஜெர்மன்காரனும் டிப்ஸைக் "குடிக்கக் காசு" என்ற பொருளில்தான் சொல்கிறான். நம்ம ஊர் "டீ காசு" அதேதான்! டீ இரவல் சொல்தான், ஆனால் சொல்லும் விதம் நம்முடையது.

சரி, டிராவல்ஸ்காரரிடம் சொன்னேன். நல்ல மனுஷர், உடனே திருத்தினார். புது நோட்டீஸில் "கட்டாய அன்பளிப்பு".

இதற்குப் பணிக்கொடையே தேவலை. அன்பும் அளிப்பும் சேர்ந்த சொல்லுக்கு முன்னால் கட்டாயம் எப்படி வந்து நிற்கும்? முல்லைக்குத் தேரைக் கொடுத்தானே பறம்பு மலைப் பாரி, அது கொடை, அது அளிப்பு, முல்லைக்கொடி அவன் கணக்கில் நாளுக்கு 18 டாலர் ஏற்றவில்லை. "தனித்தமிழாக இருக்கிறதே, அப்புறம் என்ன" என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். எனக்கும் தனித்தமிழ் பிடிக்கும், ஆனால் தமிழ்ச்சொல்லைப் போட்டுப் பொய் சொல்வதை விட வேற்றுமொழிச் சொல்லைப் போட்டு உண்மை சொல்லலாம். இனாம் ஆகுமா என்றார். அது அரபியில் இருந்து வந்தது, இனாம் நிலம் என்று பட்டா வரைக்கும் போய், 1963இல் ஒழிப்புச் சட்டங்கள் வந்து ஓய்ந்தது. இப்போது இனாம் என்றால் சும்மா கிடைப்பது என்றுதான் காதில் விழும், பத்து மணி நேரம் நின்று பரிமாறுகிறவனுக்கு அது அவமானம். உண்மையில் பொருளளவில் மிகக் கச்சிதமாகப் பொருந்துவது மாமூல், அதுவும் அரபிதான், "வழக்கமாக நடப்பது" என்று அர்த்தம். ஆனால் மதுரையில் அந்தச் சொல்லை நோட்டீஸில் அச்சடித்தால் என்ன நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

சொல்லை விட்டுவிட்டுக் கப்பலில் நடப்பதைப் பாருங்கள். அங்கே மூன்று தனித்தனிக் காசு இருக்கிறது. முதலாவது, பெரிய அமெரிக்கக் கம்பெனிகளில் தலைக்கு இத்தனை டாலர் என்று தினமும் அறைக் கணக்கில் தானாக ஏறும். எங்கள் நோட்டீஸ் கணக்குப்படி இரண்டு பேருக்கு நாலு ராத்திரிக்கு 144 டாலர். அறை சுத்தம் செய்கிறவர், மேசையில் பரிமாறுகிறவர், பின்னால் கண்ணில் படாத ஆட்கள் என்று அது பிரியும். கப்பல்கள் பஹாமாஸ், பனாமா என்று பதிவாகியிருக்கும், அமெரிக்கக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அவற்றைத் தொடாது, ஆக அந்தப் பணம் ஏறக்குறைய சம்பளம்தான். அதைப் போய் அன்பு என்கிறோம். இதையாவது பல கம்பெனிகளில் கவுண்டரில் போய்க் கேட்டால் குறைப்பார்கள்.

இரண்டாவது, பாரில். டிக்கெட்டில் சாப்பாடு உண்டு, தண்ணீர், சாதா டீ, காபி உண்டு. பீர், ஒயின், பாட்டில் கூல்டிரிங்க்ஸ் எல்லாம் தனிக் காசு, ஒவ்வொரு பில்லிலும் 18 சதவீதமோ 20 சதவீதமோ சேர்ந்தே வரும், இது அசையாது. மொத்தமாகக் கட்டும் டிரிங்க்ஸ் பேக்கேஜ் மேலும் அதே சதவீதம். ஒரே அறையில் ஒரு பெரியவர் பேக்கேஜ் எடுத்தால் இன்னொரு பெரியவரும் எடுக்க வேண்டும் என்பது பல கப்பல்களில் விதி, ஆக சித்தப்பா பீருக்காகச் சித்தியும் கட்ட வேண்டும். நோட்டீஸில் இதை "வரம்பற்ற பானத் தொகுப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள், சித்தி அதை ஜூஸ் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார். நம் நாட்டில் ஹோட்டல்காரர் பில்லில் தானாகச் சேவைக் கட்டணம் போடக் கூடாது என்று 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. அந்தப் பழக்கத்தில் கப்பல் ஏறுகிறவருக்கு அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு சொல்லாவது சொல்ல வேண்டாமா?

மூன்றாவது, நீங்களாகக் கையில் கொடுப்பது. என் திருத்தம் இது. தினமும் ஏறுவது பணியாளர் தொகை. பார் பில்லில் ஏறுவது சேவைக் கட்டணம். நீங்களாகக் கையில் கொடுத்தால் மட்டும் டிப்ஸ், அல்லது டீ காசு. மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் ஒன்று பயணி இரண்டு தரம் கொடுப்பார், இல்லை கொடுக்க வேண்டியதற்கே சண்டை போடுவார்.

பெரியப்பாவுக்கு இதை விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது. "அப்ப பில்லு வைக்கிற சோம்புத் தட்டுல பத்து ரூவா வைக்கிற கதையெல்லாம் அங்க கிடையாதா?" என்றார். இருக்கிறது பெரியப்பா. கையெழுத்துப் போடும் பில்லில், 18 சதவீதத்துக்கும் கீழே, கூடுதல் டிப்ஸ் என்று காலியாக ஒரு கோடு விட்டிருப்பான்.