சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

பழைய காரில் ஆயில் ஒழுகுகிறது என்று பட்டறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் தீர்ப்பையும் கையோடு கொண்டுவருகிறார்கள். "பின் சீல் போய்விட்டதாம், கியர் பாக்ஸை இறக்க வேண்டுமாம்." பின் சீல் என்பது கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில், கியர் பாக்ஸ் பக்கம் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம். யார் பார்த்துச் சொன்னார்கள் என்று விசாரித்தால், யாரோ காரைத் தூக்கி அடியில் ஈரத்தைப் பார்த்திருக்கிறார், ஈரம் இருந்த இடத்திலேயே விரலை வைத்துவிட்டார் என்பது தெரியவரும். ஆயில் மேலிருந்து கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதை முன்னிருந்து பின்னுக்குத் தள்ளும். ஆகவே அடியில் ஈரம் திரண்டு நிற்கும் இடம் அந்த ஆயிலின் கடைசி நிறுத்தம். அது ஏறிய இடம் வேறு எங்கோ மேலே இருக்கும்.

மாருதி 800 இதற்கு நல்ல உதாரணம். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன வண்டி. மூன்று சிலிண்டர், 796 சிசி. கார்புரேட்டர் வைத்த மாடல்களில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் கியர் பாக்ஸ் பக்க முனையில் உட்கார்ந்திருக்கும். அதைச் சுழற்றுவது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட். அங்கே இருக்கும் ரப்பர் வளையமோ பேக்கிங்கோ காய்ந்து இறுகிவிட்டால், ஆயில் ஹெட்டின் பின்முகத்தில் வழிந்து, நேராக கியர் பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்துக்கு இறங்கும். கீழிருந்து பார்ப்பவருக்கு அது அச்சு அசலாகப் பின் சீல் கசிவுதான். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இப்படித்தான் கியர் பாக்ஸை இறக்கத் தயாராக வந்தார். டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியில் ஒரு சிறு கண்ணாடியை நீட்டி டார்ச் அடித்துக் காட்டினேன். ஹெட்டிலிருந்து கீழ்வரை புழுதி படியாத, பளபளப்பான ஒரு விரல் அகலப் பாதை. "தம்பி, இதற்கா அவ்வளவு செலவு சொன்னார்கள்?" என்றார். ஒரு ரப்பர் வளையம் மாற்றி, இக்னிஷன் டைமிங்கைச் சரிபார்த்து அன்றே வண்டியை அனுப்பினேன்.

கசிவைத் தேடுவதற்கு முன், ஒழுகுவது இன்ஜின் ஆயில்தானா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இரவு வண்டிக்கு அடியில் பழைய அட்டையை விரித்து, முன்சக்கரங்கள் இருக்கும் இடத்தை அதில் குறித்து வையுங்கள். காலையில் எந்தப் பக்கம் சொட்டியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். இன்ஜின் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், விரலில் தேய்த்து முகர்ந்தால் கந்தக வாடை அடிக்கும். கூலன்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ, தண்ணீர் போல நீர்த்து இருக்கும். சக்கரத்தை ஒட்டி மெல்லிய எண்ணெய்ப் பசை தெரிந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை எடுக்கவே கூடாது. ஏ.சி. தண்ணீரைப் பார்த்துப் பதறி ஓடிவருபவர்களும் உண்டு. அவர்களை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவோம்.

அடுத்தது கழுவுவது. இதைச் சொன்னால் பலருக்கு எரிச்சல் வரும், "கழுவுவதற்கா இங்கே வந்தேன்" என்பார்கள். பல வருட அழுக்கும் ஆயிலும் சேர்ந்து அப்பியிருக்கும் இன்ஜினில் கசிவைக் கண்டுபிடிப்பதாக ஒருவர் சொன்னால், அவர் ஊகிக்கிறார் என்றே பொருள். டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர் வாய் ஆகியவற்றைப் பாலிதீன் உறையால் மூடிவிட்டு, இன்ஜின் ஆறியிருக்கும்போது மண்ணெண்ணெயும் பிரஷுமாக மேலிருந்து கீழே தேய்த்துக் கழுவி, காற்று அடித்து முழுக்க உலர்த்த வேண்டும். சூடான இன்ஜினில் மண்ணெண்ணெய் பட்டால் தீப்பிடிக்கலாம் என்பதால் இதில் அவசரம் கூடாது. உலர்ந்த பிறகு சந்தேகமான மூட்டுகளில் முகப்பவுடரைத் தூவுங்கள். இன்ஜினைச் சூடேற்றி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பானெட்டைத் திறந்தால், வெள்ளைப் பவுடரில் ஆயில் கோடு போட்டுக் காட்டும். கோட்டின் மேல் நுனியே கசிவின் பிறப்பிடம். ஆயிலில் கலந்து புற ஊதா விளக்கில் பார்க்கும் சாயமும் கடைகளில் கிடைக்கிறது. மிக மெதுவான கசிவுக்கு அது பயன்படும். மற்றவற்றுக்குப் பவுடரே போதும்.

இடம் தெரிந்துவிட்டது என்று உடனே ஸ்பானரை எடுத்துவிடாதீர்கள். பழைய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பிரீதர். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் எரிந்த வாயு எப்போதும் இன்ஜினின் அடிவயிற்றுக்குள் இறங்கும். அது வெளியேறத்தான் பிரீதர் குழாயும் சில வண்டிகளில் பி.சி.வி. வால்வும் இருக்கின்றன. இந்தப் பாதை கசடால் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த மூட்டு பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். அந்த மூட்டைச் சரிசெய்தால் அடுத்த பலவீனமான மூட்டு ஒழுகும். புதிது புதிதாக சீல் மாற்றியும் ஒழுகுகிறது என்று நொந்துபோய் வரும் வண்டிகளில் நான் முதலில் கை வைப்பது இந்தக் குழாயில்தான்.

சோதனை சுலபம். ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயின்மேல் மெல்லிய பாலிதீன் தாளை விரித்துப் பிடியுங்கள். தாள் லேசாக உள்வாங்கினாலோ அசையாமல் கிடந்தாலோ கவலையில்லை. உப்பிக்கொண்டு தூக்கினால் குழாயையும் வால்வையும் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். அப்போதும் புகையோடு ஊதித் தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கக் கூடும். சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தைக் கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளந்து, குறைவாக இருக்கும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் தெரிந்துவிடும். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. ரிங் போன இன்ஜினுக்கு சீல் மாற்றிக் காசு வாங்குவது நியாயமான தொழில் இல்லை.

பழைய வண்டிகளில் அடிக்கடி ஒழுகுவது, ஹெட்டின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங். வேலை சின்னது என்பதாலேயே இதைக் கெடுப்பவர்கள் அதிகம். கசிகிறது என்றதும் போல்ட்டை இன்னும் இறுக்குவார்கள். தகட்டுக் கவரின் விளிம்பு போல்ட் இருக்கும் இடத்தில் பள்ளமாகி, நடுவில் மேடாகிவிடும். அதன் மேல் எத்தனை புதுப் பேக்கிங் போட்டாலும் கசியும். கவரைக் கழற்றி, சமமான கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து, விளிம்பில் எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள். தெரிந்தால், போல்ட் இருக்கும் இடத்துப் பள்ளங்களை மரக்கட்டைமேல் வைத்துச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி நேராக்க வேண்டும். பல வண்டிகளில் ஹெட் அலுமினியம். பழைய பேக்கிங்கைச் சுரண்ட ஸ்க்ரூடிரைவரைப் போட்டால் கீறல் விழும், அந்தக் கீறலே அடுத்த கசிவு. பிளாஸ்டிக் சுரண்டி போதும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் சமமாக இறுக்குங்கள். இவை சிறு போல்ட்டுகள், முழுக் கைபலத்தையும் கேட்பவை அல்ல.

அதோடு சிலிக்கான் பேஸ்ட். இது ஒரு தனிக் கொடுமை. பேக்கிங்குக்குப் பதிலாகக் குழாயையே காலி செய்து பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே பிதுங்கி நிற்பது அசிங்கம், அவ்வளவுதான். உள்ளே பிதுங்குவதுதான் ஆபத்து. அது காய்ந்து துண்டாகி, இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சேம்பருக்குள் விழுந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். கசிவை நிறுத்தப் போய் இன்ஜினுக்கே ஆயில் கிடைக்காமல் போகும். சேம்பரைக் கழற்றியபோது வலையில் பாதியை மூடிக்கொண்டு நூல் நூலாக நீல சிலிக்கான் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். தேவையான மூட்டில் மெல்லிய கோடு போதும். அதையும் காய விட்டுத்தான் ஆயில் ஊற்ற வேண்டும்.

ஆயில் பிரஷர் ஸ்விட்ச் தன் உடம்பின் நடுவிலேயே கசியும். பார்ப்பவர்கள் ஹெட் பேக்கிங் போய்விட்டது என்று நினைப்பார்கள். ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, இரண்டு வளையம் சேர்ந்துகொண்டால் நெடுஞ்சாலையில் மொத்த ஆயிலும் கொட்டிவிடும். டிரெயின் போல்ட்டின் வாஷரை ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் மாற்றுங்கள். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றுவதும் கசிவை வரவழைக்கும். "கூட இருந்தால் நல்லதுதானே" என்று ஊற்றுகிறார்கள்.

முன்பக்க கிராங்க் சீலும் கேம் சீலும் வேறு ரகம். கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில் இந்த ஆயில் பெல்ட்டில் படும். ரப்பர் ஊறி, பல் உதிர்ந்து, பெல்ட் அறுந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். சில இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். எனவே சீல் மாற்றும்போது ஆயில் குடித்த பெல்ட்டைத் துடைத்துவிட்டு மறுபடி போடக் கூடாது. புது சீலின் உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவி, ஸ்பிரிங் இருக்கும் பக்கம் உள்ளே பார்க்கும்படி, சம வட்டமான குழாய் வைத்துத் தட்டி இறக்க வேண்டும். ஷாஃப்டில் பழைய சீல் தேய்த்த பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால், சீலைச் சற்று முன்னே நிறுத்துங்கள் அல்லது ஸ்லீவ் போடுங்கள். இல்லையென்றால் புது சீலும் சில மாதங்களில் ஒழுகும்.

கசிவை நிறுத்தும் என்று பாட்டிலில் விற்கும் திரவங்கள் இறுகிய ரப்பரைக் கொஞ்சம் ஊறவைத்து மென்மையாக்கும். சில வண்டிகளில் கொஞ்ச காலம் ஈரம் குறையலாம். தேய்ந்த ஷாஃப்டையும் கிழிந்த பேக்கிங்கையும் எந்தத் திரவமும் ஒட்டவைக்காது. கெட்டியான ஆயில் ஊற்றி அடக்குவதும் இதே கதைதான்.

எல்லாக் கசிவையும் உடனே சரிசெய்ய வேண்டுமா என்றால், இல்லை. சூடான புகை வெளியேறும் சைலன்சர் மேனிஃபோல்டுமேல் சொட்டினால் தீப்பிடிக்கலாம், அதைத் தள்ளிப்போடக் கூடாது. பெல்ட்டில் படுவதும், கிளட்ச் பிளேட்டில் இறங்கிக் கிளட்ச் வழுக்குவதும் அப்படியே. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள். பழைய பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜின் வைத்த அம்பாசிடரில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. ஷாஃப்டில் வெட்டிய திருகுமரைதான் ஆயிலைத் திருப்பி உள்ளே அனுப்பும். அங்கே சொட்டுச் சொட்டாக வருவது அதன் பிறவிக்குணம், யாரையும் கோபித்துப் பயனில்லை. மற்ற வண்டிகளிலும் பின் சீல் மட்டும் மெல்லக் கசிந்து, கிளட்ச் நன்றாக வேலை செய்து, ஒரு சர்வீஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் டிப்ஸ்டிக்கில் கீழ்க் கோட்டைத் தொடாமல் இருந்தால், வாரம் ஒருமுறை அளவு பார்த்துக்கொண்டு ஓட்டுங்கள் என்றுதான் சொல்வேன். கிளட்ச் பிளேட் மாற்ற எப்படியும் ஒருநாள் கியர் பாக்ஸ் இறங்கும். அன்றைக்கு சீலையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். கூலி ஒன்றுதான், கூடுதலாக ஆவது சீலின் விலை மட்டுமே. கழற்றிய பழைய சீலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.