கரைக்கு வரும் படகுக்கு பிரேக் எது?

படகுக்கு பிரேக் கிடையாது. சைக்கிளில் போகிறவன் கடைவாசல் வந்ததும் இரண்டு கையையும் இறுக்கினால் வண்டி நின்றுவிடும். பாய்மரப் படகில் அது நேர்மாறு. கரை நெருங்க நெருங்கக் கையில் இருப்பதைத் தளர்த்த வேண்டும். கல்லூரி நாட்களில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்து, தூத்துக்குடியில் இரண்டு பேர் உட்காரும் சின்னப் பாய்ப்படகு ஓட்டப் பழகியபோது இது ரொம்ப நாள் என் மண்டையில் ஏறவே இல்லை.

பாயின் கீழ்முனையில் ஒரு கயிறு இருக்கும். அதை இழுத்துப் பிடிக்கும்வரைதான் பாய் காற்றுக்குக் குறுக்கே நிற்கும், படகும் நகரும். கயிற்றை விட்டால் பாய் கொடித்துணிபோலக் காற்றின் போக்கிலேயே திரும்பிப் படபடக்கும். தள்ளுவிசை பெரும்பாலும் போய்விடும். எவ்வளவு விசை என்கிறீர்களா? 10 சதுர மீட்டர் பாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் இதமாக அடிக்கும் காற்று அதன்மேல் சுமார் 15 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். காற்று இரண்டு மடங்காகி 36 கிலோமீட்டர் ஆனால் அழுத்தம் 30 கிலோ ஆகாது, 60 கிலோ ஆகிவிடும். வேகத்தின் இருமடிக்கு ஏற்பத்தான் விசை ஏறும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும்போது பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகள் சுற்றும் சுற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, கயிற்றை விட்டால் போதும் என்றால் வேலை சுலபம்தானே? காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதில்தான் சிக்கல். அம்மாவின் ஊர் உவரி. அங்கே பெரிய மாமா, படகுகளுக்கு இன்ஜின் வருவதற்கு முன்னால் பாய் விரித்துக் கட்டுமரம் ஓட்டியவர். நான் படகு பழகுகிறேன் என்றதும் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “மருமவனே, காத்து முதுகுல நிக்கையில பாயோட கரைக்கு வராத.”

அதன் காரணம் எளிது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நம் கரையில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். கரைக்குத் திரும்பும் படகுக்கு அது எதிர்க்காற்று. கடைசியில் அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, நேராகக் காற்றுக்குத் திருப்பிக் கயிற்றை விட்டால் பாய் நடுவில் நின்று படபடக்கும், படகு தானாகவே வேகம் குறைந்து நிற்கும். பங்குனி, சித்திரை மத்தியானத்தில் கதை வேறு. வெயிலில் தேரி மணல் கொதிக்க, கடலிலிருந்து காற்று கரைக்குள் ஏறும். இப்போது காற்று முதுகில். கயிற்றை முழுக்க விட்டாலும் பாய் வெளியே விரிந்து, பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கம்பியில் முட்டி நின்றுவிடும். அதற்குமேல் அதற்குப் போக இடமில்லை. காற்றுக்கு முழு மார்பையும் காட்டிக்கொண்டு படகைக் கரைமேல் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் அந்தக் காற்றில் தூரத்திலேயே அணியத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிப் பாயை இறக்கிவிட்டு, துடுப்புப் போட்டு வருவதுதான் வழி. மாமா சொன்னதும் அதுதான்.

பாய் இறங்கிவிட்டாலும் படகு ஓடிக்கொண்டுதான் இருக்கும். படகும் இரண்டு ஆளும் சேர்ந்து 240 கிலோ, வேகம் விநாடிக்கு ஒன்றரை மீட்டர், அதாவது விறுவிறு என்று நடக்கிற வேகம். இதைக் காலை நீட்டிக் கல்லில் உதைத்து 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்தப் பார்த்தால் காலில் சுமார் 270 கிலோ எடைக்கான விசை இறங்கும். கணுக்கால் போச்சு. அதே படகை ஒரு மீட்டர் தூரத்தில் மெதுவாக நிறுத்தினால் 27 கிலோதான். அந்த ஒரு மீட்டரைத் தருவதற்கு ஒரு கயிறும் துறையில் ஒரு இரும்புக் குற்றியும் போதும்.

முரண்டு பிடிக்கிற காளையைப் பிடித்துக்கொண்டு போகும் பொடிப்பயலைக் கவனித்திருக்கிறீர்களா? அவன் காளையோடு மல்லுக்கு நிற்க மாட்டான். பக்கத்துப் பனையில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பான். காளை இழுத்துப் பார்த்துவிட்டு அடங்கும். கயிறு குற்றியைத் தழுவும் ஒவ்வொரு விரற்கடையிலும் உராய்வு இழுவையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிச்சத்தில் அடுத்த விரற்கடை அதே பங்கைத் தின்னும். வட்டிக்கு வட்டி போடும் கந்துவட்டிக் கணக்குதான், இங்கே நமக்குச் சாதகமாக. உராய்வுக் குணகம், அதாவது கயிறும் குற்றியும் எவ்வளவு உரசும் என்று சொல்லும் எண், 0.3 என்றால் ஒரு முழுச் சுற்றில் கையின் பிடி 6.6 மடங்காகும். இரண்டு சுற்றில் 43 மடங்கு, மூன்று சுற்றில் 286 மடங்கு. குற்றி பருமனா ஒல்லியா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. எத்தனை சுற்று என்பது மட்டும்தான். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதை எழுதிவைத்த கணக்கு இது.

அப்படியானால் நம் 27 கிலோவுக்கு ஒரே சுற்று, கையில் நாலு கிலோ பிடி. கயிறு கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கியபடி படகை நிறுத்திவிடும். பயத்தில் மூன்று சுற்றுப் போட்டு இறுக்கினால் கயிறு வழுக்காது, படகு வெடுக்கென்று நிற்கும், அணியத்தில் நிற்பவர் தண்ணீரில் இருப்பார். படகு நின்ற பிறகு எத்தனை சுற்று வேண்டுமானாலும் போடுங்கள்.

பாயை மேலே ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்று பேர். அது படகில் இரண்டு பக்கமும் கொம்பு நீட்டிய கட்டையில் கட்டியிருக்கும். அங்கேயும் இதே கணக்குத்தான்: முதலில் ஒரு முழுச் சுற்று, பிறகு கொம்புகளில் எட்டுப் போல இரண்டு மூன்று மடிப்பு. கடைசியில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்குவது சிலருக்கு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பருத்தியோ தும்புக்கயிறோ நனைந்தால் உப்பும், முடிச்சு கல்லாகிவிடும். பாயைச் சட்டென்று இறக்கவேண்டிய நேரத்தில் பல்லால் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நைலான் அவ்வளவு உப்பாது, ஆனால் வழவழப்பு. இன்னொரு மடிப்புக் கூடப் போட்டால் சரியாகிவிடும்.

பாயை இறக்கிச் சுருட்டிக் கட்டியபின் ஆஞ்சானின் நுனியைப் பாயிலிருந்து கழற்றினால், கழற்றிய கையோடு எங்காவது மாட்டிவிட வேண்டும். நான் ஒருநாள் மாட்டவில்லை. கையை விட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தேன், அவ்வளவுதான். கொடியில் காயப்போட்ட எட்டு முழ வேட்டி ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தொங்கினால் முதலில் மெல்ல நகரும், அப்புறம் சரசரவென்று கீழே போய்விடும் அல்லவா? கயிறும் அப்படியே. நுனி ஒரு சாண் மேலே ஏறினால் அந்தப் பக்கம் எடை குறைகிறது. குறைந்தால் இன்னும் வேகமாக ஏறுகிறது. நிமிர்ந்து பார்க்கும்போது நுனி பாய்மர உச்சியில், கப்பிக்கு ஒட்டி நின்றது. ஆறு மீட்டர் உயரம். ஏறிப் போக முடியாது. அந்த மரம் ஆளைத் தாங்காது.

கடைசியில் நாலு பேர் சேர்ந்து படகை மணலுக்கு இழுத்து, ஒருக்களித்துச் சாய்த்து, தரைக்கு வந்த உச்சியிலிருந்து நுனியைப் பிடித்தோம். பயிற்சி கொடுத்தவர் ஒன்றும் திட்டவில்லை. ஒரு முழம் சணலை என் கையில் கொடுத்து, “முதல்ல இதைக் கட்டிட்டுத் தண்ணி குடி” என்றார்.