சிக்லிட்டுக்கு எத்தனை அடித் தொட்டி வேண்டும்?

சிக்லிட் என்பது ஒரு பெரிய மீன் குடும்பம்; அதில் பலவற்றை அழகுக்காக வீட்டுத் தொட்டியில் வளர்க்கிறார்கள். இரண்டு மீன்தொட்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மற்றது இரண்டடி நீளம், அதே அகலம், மூன்றடி உயரம். இரண்டுமே ஒன்பது கன அடி. ஏறத்தாழ 255 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மாடிவீட்டில் இருப்பவருக்கு இரண்டாவதில்தான் ஆசை போகும், மூலையில் அடங்கிவிடுமே! ஏஞ்சல் மீனுக்கென்றால் அது சரி. ஆபிரிக்காவின் மலாவி ஏரியில் பாறைகளிடையே வாழும் ம்புனா வகைச் சிக்லிட்டுகளை அதில் விட்டால் ஒரே அடிதடிதான்.

மலாவி ஏரி 550 கிலோமீற்றருக்கு மேல் நீளம், 700 மீற்றர் அளவுக்கு ஆழம். ஆனால் ம்புனாக்கள் கரையோரப் பாறைகளை விட்டு அதிகம் நகர்வதில்லை. பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும். பெண் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக்கொண்டு மூன்று வாரமளவில் தீனி எடுக்காமலே குஞ்சாக்கும். ஆணுக்கு ஓர் இடுக்கும் அதைச் சுற்றிக் கொஞ்சம் பாறையும் சொந்தமாக இருந்தால்தான் பெண்கள் கிட்ட வரும். ஆக, அது காவல் காப்பது தரையை. தலைக்கு மேல் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நாலடித் தொட்டியின் தரை ஆறு சதுர அடி. உயரமான தொட்டியின் தரை மூன்றுதான். லீற்றரை மட்டும் கேட்டுத் தொட்டி வாங்குகிறவர் ஏமாறுவது இங்கேதான்.

ஏரியில் தோற்ற மீன் தப்பி ஓடும். கொஞ்ச தூரம் போனதும் துரத்தியது தன் பாறைக்குத் திரும்பிவிடும். தொட்டியில் அந்தக் ‘கொஞ்ச தூரம்’ இல்லை. இரண்டடித் தொட்டியில் ஓராட்டஸ் என்ற ம்புனாவின் ஆறேழு குஞ்சுகளை விட்டுப் பாருங்கள். எல்லாம் மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட அழகுக் குட்டிகள். மாதங்கள் போக ஒன்று மட்டும் கருக்கத் தொடங்கும். மஞ்சள் முழுதாக மறைந்து, கரிய உடம்பில் வெளிறிய நீலக் கோடு ஓடும். அதுதான் இனி அங்கே பெரியவர். மற்றவை மேல் மூலையில், பில்டர் குழாய்க்குப் பின்னால், துடுப்பு கிழிந்து தலைகீழாகத் தொங்காத குறையாக நிற்கும். தீனி போட்டாலும் கீழே இறங்காது.

அந்தச் சண்டியனைப் பிடித்து வேறு தொட்டியில் விட்டால் தீர்ந்தது என்று நினைப்போம். தீராது. தங்கனீக்கா ஏரியைச் சேர்ந்த பர்ட்டோனி என்ற சிக்லிட்டை ரசல் பெர்னால்ட் என்ற உயிரியலாளரின் குழு நெடுங்காலம் ஆராய்ந்தது. அடக்கி வைத்திருந்த ஆணை அகற்றிவிட்டால், அடங்கியிருந்த ஆண்களில் ஒன்று சில நிமிடங்களிலேயே நிறம் ஏறி அதிகாரத்துக்கு வந்துவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். நாற்காலி காலியானால் ஆள் தயார்!

அப்படியானால் பெரிய தொட்டி என்னதான் செய்கிறது? 1964இல் ஜெரம் பிரவுன் என்ற உயிரியலாளர் பறவைகளை வைத்து ஒரு கருத்தைச் சொன்னார்: ஓர் உயிர் தன் இடத்தைக் காப்பது, வரவு செலவைவிடக் கூடுதலாக இருக்கும்வரைதான். சிக்லிட்டுக்கும் இது நன்றாகவே பொருந்துகிறது. இரண்டடித் தொட்டியில் நடுவில் நின்றபடியே முழுவதையும் பார்க்கலாம், ஒரு வாலடியில் எந்த மூலைக்கும் போகலாம். காவல் செலவு மிகக் குறைவு. நாலடியில், பாறைகளை இரண்டு மூன்று குவியலாகப் பிரித்து அடுக்கி, ஒரு பக்கம் நிற்பதற்கு மறுபக்கம் தெரியாமல் செய்துவிட்டால் செலவு ஏறும். எதிரியைத் துரத்திப் போகிற நேரத்தில் வீட்டில் வேறொருவன் நுழைந்துவிடுவான். எனவே கிட்ட வருவதை மட்டும் விரட்டிவிட்டுத் திரும்பும். குணம் மாறவில்லை, கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான்.

வளர்ப்பவர்கள் வேண்டுமென்றே மீன்களை நெருக்கி விடுவதும் இதே கணக்கில்தான். டெமசோனி என்ற ம்புனாவை மூன்று நான்காக வைத்தால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும்; ஒரு டசினுக்கு மேல் விட்டால் அடி எல்லோருக்கும் பகிர்ந்துபோகும். ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது வேண்டும் என்பதும் அதற்காகத்தான். தன் நிறத்தை ஒத்த ஆணையே ஆண் அதிகம் தாக்கும் என்பதால், நீலக் கோட்டு மீனோடு இன்னொரு நீலக் கோட்டு வகையைச் சேர்க்காதீர்கள்.

இப்படி நெருக்கி விடுவதற்கு ஒரு விலை உண்டு. கொழும்பில் அது கொஞ்சம் கூடுதல். இந்த மீன்களுக்குக் காரத் தண்ணீர் வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா காரத்தில்தான் அதிகம் நஞ்சாகிறது: அமில கார அளவான பிஎச் 7இல் இருப்பதைப்போல் பிஎச் 8.2இல் நச்சுப் பங்கு பத்து மடங்குக்கு மேல். 25 பாகை செல்சியஸில் லீற்றருக்கு 8.3 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும் தண்ணீர், 30 பாகையில் 7.6தான் பிடிக்கும். நம் ஊரில் ஹீட்டர் தேவையில்லை, ஆனால் காற்றுப் பம்ப் நிற்கக் கூடாது. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பற்றரிப் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள். காற்று தண்ணீரில் கலப்பது மேற்பரப்பால் என்பதால், இங்கும் நீளத் தொட்டிக்கே இரட்டிப்பு லாபம்.

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கேத்தல் அடியில் வெள்ளையாகப் படியும். மலாவி மீனுக்கு அது விருப்பம். கொழும்புக் குழாய்த் தண்ணீர் மென்மையானது, குளோரினும் உண்டு. குளோரினை நீக்கி, பில்டருக்குள் ஒரு பை சுண்ணாம்புக்கல்லோ சிப்பி ஓடோ போட்டால் சமாளிக்கலாம். கடற்கரைப் பவளத்தில் கை வைக்க வேண்டாம். வாரம் மூன்றிலொரு பங்கு நீரை மாற்றுவதென்றால் எட்டு ஒன்பது வாளி தூக்க வேண்டும். இதையும் நினைத்துத்தான் தொட்டி வாங்க வேண்டும்.

கண்ணாடியின் தடிப்பைப் பெரும்பாலும் உயரம்தான் தீர்மானிக்கிறது. அடியில் நீரழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. மூன்றடித் தொட்டியின் அடியில் அது ஒன்றரை அடியினதைப்போல் இரண்டு மடங்கு. தண்ணீரும் கல்லும் கண்ணாடியுமாக நாலடித் தொட்டி 350 கிலோவைத் தாண்டலாம். மாடிவீட்டில் நடு அறையில் வைக்காமல் உத்தரம் ஓடும் சுவரோரம் வையுங்கள்.

நாலடிக்கு இடமே இல்லாதவர்கள் ம்புனாவை விட்டுவிடுவதுதான் நல்லது. தங்கனீக்காவில் மல்டிபாசியேட்டஸ் என்றொரு சிக்லிட் இருக்கிறது. நாலைந்து சென்ரிமீற்றருக்கு மேல் வளராது, வெறும் நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும். அதன் சண்டையெல்லாம் அந்த ஓட்டைச் சுற்றிய ஒரு சாண் மணலுக்குத்தான். இரண்டடித் தொட்டியில் ஒரு கூட்டமே குடும்பம் நடத்தும். மணல் மட்டும் தாராளமாகப் போடுங்கள்; ஓயாமல் தோண்டிக்கொண்டே இருக்கும்.