புதுக்கோழி ஏன் சுணங்கி நிற்கிறது?

புதிதாக வந்த கோழி கூண்டின் மூலையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்து, அரைக்கண் மூடி நிற்கிறது. தீனியைக் கொட்டினால் மற்றக் கோழிகள் ஓடி வருகின்றன. இது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இடம் புதிது, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்பார் ஒருவர். சீக்குக் கோழியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்பார் மற்றொருவர். ஒரே கோழியைப் பற்றி இருவர் சொல்வதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது.

சுணக்கம் தனியாக ஒரு நோய் இல்லை. கிருமி உள்ளே நுழைந்ததும் நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூக்கின் போன்ற புரதங்களை வெளியிடுகின்றன. செய்தி மூளைக்கு எட்டியதும் நடமாட்டம் குறைகிறது, பசி அடங்குகிறது, தூக்கம் வருகிறது, உடல் வெப்பம் ஏறுகிறது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த கால்நடை மருத்துவ அறிஞர் பெஞ்சமின் ஹார்ட் 1988இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நோயுற்ற விலங்கு துவண்டு கிடப்பதை உடலின் தோல்வியாகப் பார்க்க வேண்டியதில்லை. காய்ச்சலுக்கு வேண்டிய ஆற்றலைச் சேமிக்க உடலே வகுத்துக்கொண்ட வழி அது என்றார். கோழியின் இயல்பான உடல் வெப்பமே சுமார் 41 டிகிரி செல்சியஸ். அதற்கு மேலும் ஏற்ற வேண்டுமானால் உள்ளே இருக்கும் வெப்பம் வெளியேறக் கூடாது. சிலிர்த்த இறகுகளுக்கு இடையே தங்கும் காற்று அதைத் தடுக்கிறது. ஆகவே ரத்தக் கழிச்சலோ, சளியோ, வேறெந்தத் தொற்றோ, கோழி நிற்கும் கோலம் ஏறக்குறைய ஒன்றுதான். கோலத்தை மட்டும் பார்த்து நோயின் பெயரைச் சொல்பவர் ஊகிக்கிறார், அவ்வளவே.

இன்னொரு சிக்கலும் உண்டு. கோழி பிற விலங்குகளுக்கு இரையாகும் இனம். தளர்ந்து தெரியும் பறவைதான் பருந்தின் கண்ணில் முதலில் படும். கூட்டத்துக் கோழிகளும் அதையே கொத்தித் துரத்தும். எனவே முடிந்தவரை நோயை மறைக்கும். ஆள் அருகில் போனால் நாலு அடி நடந்து, தரையைக் கொத்துவதுபோல் பாவனைகூடச் செய்யும். மறைக்க முடியாமல் அது சுணங்கி நிற்கும்போது நோய் ஓரளவு முற்றியிருக்கக்கூடும்.

அதனால் என்ன நோய் என்று கேட்பதற்கு முன், எப்போது தொடங்கியது என்று கேட்பதே நல்லது என்பேன். விடை பெரும்பாலும் நெஞ்சில் இருக்கிறது. கோழியைக் கையில் எடுத்து, நெஞ்சின் நடுவே நீளவாக்கில் ஓடும் எலும்பை விரலால் தடவிப் பாருங்கள். நல்ல உடற்கட்டுள்ள கோழிக்கு இருபுறமும் சதை திரண்டிருக்கும். எலும்பின் விளிம்பு லேசாகத்தான் தட்டுப்படும். மெலிந்த கோழிக்குச் சதை வற்றி, அந்த எலும்பு கத்தியைப்போல் துருத்திக்கொண்டிருக்கும். மேலே இறகு மூடியிருப்பதால் வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சதை ஓரிரவில் வற்றுவதில்லை. வந்த மறுநாளே எலும்பு இப்படித் துருத்தினால், கோழி வரும்போதே நோயோடு வந்திருக்கிறது அல்லது பல நாளாகச் சரியான தீனி கிடைக்கவில்லை. முட்டைக்கென்றே வளர்க்கும் ஒல்லி இனங்களுக்கு நெஞ்சுச் சதை இயல்பிலேயே குறைவு என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சதை நன்றாக இருந்தால் பார்வையை இடமாற்றத்தின் பக்கம் திருப்பலாம். கூடையில் அடைத்துத் தூக்கி வருவதும், அறிமுகமில்லாத கோழிகளுக்கு நடுவே விடுவதும் கோழிக்குப் பெரிய அதிர்ச்சி. அட்ரினல் சுரப்பி கார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. சில மணி நேரத்துக்கு அது உதவும். நாள் கணக்கில் நீடித்தால் நோய் எதிர்ப்பைக் குறைக்கும். ரத்தத்தில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்கள் குறைந்து ஹெட்டரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூடுவதால், இவ்விரண்டின் விகிதத்தையே பறவையின் மனஅழுத்தத்துக்கு அளவுகோலாக ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். மூச்சுக் குழாயில் பதுங்கியிருந்த மைக்கோபிளாஸ்மா போன்ற கிருமிகள் தலைதூக்குவதும் இந்தச் சமயத்தில்தான். விற்றவர் வீட்டில் கோழி நன்றாக இருந்ததும் உண்மை, நோய் அங்கிருந்தே வந்ததும் உண்மை.

நோயே இல்லாமலும் கோழி சுணங்கும். 1920களின் தொடக்கத்தில் நார்வேயைச் சேர்ந்த தார்லைஃப் ஷெல்டருப்-எப்பே, யார் யாரைக் கொத்தலாம் என்பதில் கோழிகளுக்குள் ஒரு வரிசை இருப்பதை விவரித்தார். புதிதாக வருவது பெரும்பாலும் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்கும். தீனித் தொட்டியும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருந்தால், பழைய கோழிகள் அதை அண்டவே விடாது. குழாய் முனையைக் கொத்தித் தண்ணீர் குடித்துப் பழகிய கூண்டுக் கோழிக்குக் கிண்ணத்தில் இருப்பது தண்ணீர் என்று உடனே புரியாமலும் போகலாம். அலகை மெல்லத் தண்ணீரில் நனைத்துக் காட்டினால், தாகத்தில் இருக்கும் கோழி பிடித்துக்கொள்ளும். கோழி தின்னும் தீனியின் எடையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு தண்ணீர் குடிக்கும். தண்ணீர் நின்றால் தீனியும் நின்றுவிடும்.

தின்கிறதா என்று காவல் இருந்து பார்க்க வேண்டியதில்லை. கழுத்தின் அடியில், நெஞ்சுக்குச் சற்று மேலே, தீனிப்பை இருக்கிறது. இரவு அடையும் நேரத்தில் அது நிறைந்திருக்க வேண்டும். விடியற்காலையில் காலியாகியிருக்க வேண்டும். இரவிலும் காலி என்றால் கோழி தின்னவில்லை. காலையிலும் கெட்டியாக நிறைந்திருந்தால் அடைப்பு. தளதளவென்று இருந்து, வாயில் புளித்த வாடை அடித்தால் உள்ளே பூஞ்சை பெருகியிருக்கலாம்.

அடுத்தது எச்சம். மேலே வெள்ளைப் படலம் இருப்பது இயல்பு. அது சிறுநீரகம் கழிக்கும் யூரிக் அமிலம். நாளில் சில முறை பழுப்பாக, கூழாக, நாற்றத்தோடு வருவதும் இயல்பே. அது குடலின் பக்கப் பைகளிலிருந்து வருவது. அதைக் கழிச்சல் என்று எண்ணி மருந்து கொடுத்தவர்கள் ஏராளம். பச்சை நிறம் பட்டினியைக் காட்டக்கூடும். பறவைகளின் பித்தத்தில் பச்சை நிறமியான பிலிவெர்டின் மிகுதி; குடலில் தீனி இல்லாதபோது அது அப்படியே வெளியேறுகிறது. எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரத்தக் கழிச்சல்.

இதற்குக் காரணமான ஐமீரியா என்ற ஒட்டுண்ணியில் கோழிகளைத் தாக்குபவை பல இனங்கள். ஓர் இனத்துக்கு எதிராகப் பெற்ற எதிர்ப்பு இன்னோர் இனத்தைத் தடுக்காது. பழைய இடத்தில் ஓர் இனத்தோடு சமாளித்து வாழ்ந்த கோழி, புதிய தரையில் வேறோர் இனத்தைச் சந்திக்கிறது. ஒரு வாரத்துக்குள் படுத்துவிடுகிறது. பழைய கோழிகள் அதே தரையில் கிளறிக்கொண்டு நலமாக இருக்கும். இதற்குத் தரப்படும் ஆம்ப்ரோலியம், வடிவத்தில் வைட்டமின் பி1ஐ ஒத்தது. ஒட்டுண்ணி அதை வைட்டமின் என்று எடுத்துக்கொண்டு பட்டினியில் சாகிறது. சோர்ந்த கோழி தெம்பாகட்டும் என்று அதே தண்ணீரில் பி1 கலந்த டானிக்கையும் ஊற்றினால் மருந்தின் வேலை கெட்டுவிடும். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

கொண்டை வெளுத்திருப்பதை வைத்து உடனே ரத்தசோகை என்று முடிவுகட்ட முடியாது. இடமாற்றத்தால் முட்டை நின்று, இறகு உதிரத் தொடங்கிய கோழிக்கும் கொண்டை சுருங்கி வெளுக்கும். வாயைத் திறந்து உள்தோலைப் பாருங்கள். அதுவும் வெளுத்திருந்தால் ரத்தம் எங்கோ போகிறது என்று சந்தேகிக்கலாம். இரவில் ரத்தம் உறிஞ்சும் சிவப்பு உண்ணி பகலில் பெரும்பாலும் கோழியின் உடம்பில் இருக்காது, மர இடுக்குகளில் ஒளிந்திருக்கும். இரவில் டார்ச் எடுத்துப் போய்க் கோழி அடையும் கட்டையின் அடிப்புறத்தைப் பார்த்தால் கூட்டமாக ஊர்வது தெரியும்.

முட்டையிடும் கோழி வாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து நின்று முக்கினால் முட்டை அடைத்திருக்கலாம். ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் செலவாகிறது. உடலில் அது குறைந்தால் முட்டையைத் தள்ளும் தசையே வலுவிழக்கும். இது காத்திருக்கக்கூடிய நிலை அன்று. வாயைத் திறந்து, வாலை ஆட்டி ஆட்டி மூச்சு விடுவதும், கொண்டை நீலம் பாய்வதும், கழுத்து முறுக்கிக்கொள்வதும் அப்படித்தான். கழுத்து முறுக்கலோடு கழிச்சலும் சேர்ந்தால் ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக் கழிச்சல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்தடுத்துக் கோழிகள் சாகத் தொடங்கினால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். வெறும் கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்கு உடனே சொல்ல வேண்டும்.

மற்ற நிலைகளில் முதல் வேலை, கோழியைத் தனியே, கதகதப்பாக, தண்ணீரும் தீனியும் எட்டும் தூரத்தில் வைப்பது. வந்த நாளிலிருந்தே 3, 4 வாரம் தனியே வைத்திருந்தால் இன்னும் நல்லது. கையில் கிடைத்த ஆன்டிபயாட்டிக்கைக் கரைத்து ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன். மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது; செல்சுவர் உருவாவதைத் தடுக்கும் பென்சிலின் அதனிடம் பலிக்காது. பொருத்தமான மருந்தில் தேறிய கோழியும் அந்தக் கிருமியைச் சுமந்தபடியே இருக்கலாம், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் கடத்தலாம்.

கோழி இறந்துவிட்டால், மற்றவற்றைக் காக்கச் சிறந்த வழி பிரேதப் பரிசோதனை. உடலைப் பையில் கட்டி, உணவுப் பொருள்கள் இல்லாத குளிர்ப்பெட்டியில் பனிக்கட்டிகளோடு வைத்து, ஒரு நாளுக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. உறைந்தால் செல்கள் சிதைந்து, திசுவில் நோய் விட்டுச்சென்ற தடயம் அழிந்துவிடும்.