குதிரை கேம்ப்போட மூணாவது நாள்தான் எனக்கு பயம்

பிசியோதெரபி வேலைல இருக்கறதால லீவு சீசன் முடிஞ்சதும் ஒரு தனி ரக பேஷன்ட்டுங்கள பாப்பேன். நாப்பது தாண்டினவங்க, நாள் பூரா உக்காந்து வேலை செய்றவங்க, சின்ன வயசுல இருந்து மனசுல கிடந்த ஆசைன்னு குதிரை ஓட்டக் கத்துக்கிட்டு வாரத்துக்கு ஒரு கிளாஸ் போறவங்க. அவங்க ஒரு வாரம் தங்கி ஓட்டுற டிரெயினிங் கேம்ப்புக்குப் போயிட்டு, வீட்டுக்குக் கூட சரியாப் போகாம நேரா இங்க வருவாங்க. டேபிள்ல ஏறிப் படுங்க சார்னு சொன்னா காலைத் தூக்க முடியாம, பேன்ட் துணிய முட்டிகிட்ட கையால புடிச்சு, காலை அப்படியே தூக்கி மேல வெப்பாங்க. அதப் பாத்த உடனே பாதி விஷயம் புரிஞ்சிடும். ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல என் முஷ்டிய வெச்சு "அழுத்துங்க"ன்னு சொன்னா மூஞ்சி கோணிடும். தொடையோட உள்பக்கத்துல கவட்டை வரைக்கும் போற அடக்டர் தசை பிடிச்சுக்கிட்டிருக்கு இல்ல கிழிஞ்சிருக்கு, அவ்ளோதான்.

இது ஏன் வருதுன்னா, குதிரை நடக்கும்போது ஒரு பிரச்சனையும் இல்ல, நாலு காலும் ஒண்ணு ஒண்ணா மெதுவா விழும், இடுப்பு தானா ஆடும். ட்ராட்னு சொல்ற துள்ளு ஓட்டம் ஆரம்பிச்சதும் கதை மாறிடுது. எதிரெதிர் மூலைல இருக்கற முன்கால் பின்கால் ஜோடி ஜோடியா விழும், ரெண்டே தாளம், ஒவ்வொரு தடவையும் தூக்கிப் போடும். பழகாதவங்க பயத்துல முட்டிய வெச்சு சேணத்த இறுக்கிப் பிடிப்பாங்க. இறுக்குனா விழமாட்டோம்னு நினைப்பு, ஆனா நடக்கறது நேர் எதிர், ஈர சோப்ப அழுத்துனா நழுவி மேல வர்ற மாதிரி உடம்பு சேணத்த விட்டு மேல எழும்பும், எழும்பினா இன்னும் பயம், இன்னும் இறுக்குவாங்க. மாஸ்டர் "முட்டிய விடுங்க, குதிகால் கீழ, பார்வை முன்னாடி"ன்னு தொண்டை வறளக் கத்துவார், மூளைக்குக் கேக்கும், தொடைக்குக் கேக்காது. வாரத்துல ஒரு மணி நேரம் இப்படி இறுக்குற தொடை மீதி ஆறு நாள்ல ஆறிடும். கேம்ப்ல அது காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம், மறுநாள் திரும்பவும் அதே.

நான் எல்லார்கிட்டயும் சொல்ற முக்கியமான விஷயம் ஒண்ணு. பழக்கமில்லாத வேலை செஞ்ச தசைல வலி உடனே வராது, மறுநாள் ஆரம்பிச்சு ரெண்டாவது மூணாவது நாள்லதான் உச்சத்துக்குப் போகும். ஆக உங்க தொடையும் இடுப்பும் மொத்தமா சுருண்டு கிடக்கறது கேம்ப்போட மூணாவது நாள். நிறைய கேம்ப்ல அன்னிக்குதான் "நல்லா பழகிட்டீங்க, இனி கேன்டர் போலாம்" (ட்ராட்ட விட வேகமான ஓட்டம்), "சின்னதா ஒரு கட்டை தாண்டலாம்"னு அடுத்த படிக்கு ஏத்துவாங்க. உடம்பு கீழ, பாடம் மேல. வலிக்கிற தொடைக்கு பேலன்ஸ் பிடிக்கத் தெரியாது, குதிரை லேசா பக்கவாட்டுல நகந்தாலே ஆள் கீழ.

சின்னப் பசங்க வலிச்சா அழுதுட்டு இறங்கிடுவாங்க. பெரியவங்கதான் பிரச்சனையே. லீவு போட்டாச்சு, பணம் கட்டியாச்சு, ஹெல்மெட்டோட எடுத்த போட்டோவ ஸ்டேட்டஸ்ல போட்டாச்சு, பக்கத்துல பன்னெண்டு வயசுப் பொண்ணு ஜாலியா ஓட்டிக்கிட்டிருக்கு, இதுல எப்படி "மாஸ்டர் என்னால முடியல"ன்னு சொல்றது? "ஓகேவா சார்?"னு கேட்டா "ஓகே ஓகே". ராத்திரி ரூம்ல வலி மாத்திரை ஒண்ணு, காலைல கிளம்பறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. மாத்திரை போட்டுக்கிட்டு ஏறுறதத்தான் நான் கண்டிப்பா வேணாம்னு சொல்றேன். வலி உங்களுக்கு என்ன சொல்லணுமோ அத சொல்லவிடாம வாய மூடிட்டு ஓட்டுறீங்க, கிழிசல் பெருசானது சாயங்காலம்தான் தெரியும்.

கேம்ப்புல சேரும்போது ஒரு ஃபார்ம் தருவாங்க பாருங்க, அதுல பெரியவங்க ரெண்டு பொய் சொல்லுவாங்க. ஒண்ணு எடை. குதிரை சுமக்கறது சேணத்தையும் சேத்து அதோட எடைல இருபது சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு ஒரு பொதுக் கணக்கு உண்டு, இன்னும் கம்மியா வெக்கறவங்களும் இருக்காங்க. 450 கிலோ குதிரைன்னா எல்லாம் சேத்து 90 கிலோ. நீங்க கூச்சப்பட்டு எட்டு கிலோ கம்மியா எழுதினா அந்த எட்டு கிலோ வாயில்லாத ஜீவனோட முதுகுலதான் போய் உக்காரும், குதிரைக்கு முதுகு வலிச்சா அது ஆட்டும் உதறும், அப்புறம் அதுவும் உங்க முதுகுக்கே வரும். இன்னொரு பொய் மாத்திரை. இதயத்துக்காக ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடுறவங்க அத மறைக்கவே கூடாது, வார்ஃபரின் குளோபிடோக்ரெல் மாதிரி மருந்து எடுத்துக்கறவங்க தலைல லேசா அடிபட்டாக் கூட அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், கூட இருக்கறவங்களுக்கு அது தெரிஞ்சிருந்தாத்தான் கூட்டிட்டுப் போவாங்க. எலும்பு தேய்மானம் இருக்கற பெண்கள், இடுப்பு மூட்டு மாத்தினவங்க, டிஸ்க் பிரச்சனைல கால் வரைக்கும் வலி இறங்குறவங்க, வலிப்பு இருக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, இவங்க எல்லாம் டாக்டர்கிட்ட பேசாம பணமே கட்டாதீங்க.

போறதுன்னு முடிவு பண்ணிட்டா ஒரு ஆறு வாரம் முன்னாடியே உடம்ப தயார் பண்ணுங்க. ஜிம் எல்லாம் வேணாம். படிக்கட்டு விளிம்புல பாதத்தோட முன்பக்கம் மட்டும் வெச்சு நின்னு குதிகால மெதுவா கீழ இறக்குங்க, சேணத்துல தொங்குற கால் வளையம், அதான் அங்கவடி, அதுல கால் இருக்க வேண்டியது அதே நிலைதான், நாள் பூரா நாற்காலில இருக்கறவங்களுக்கு கெண்டைக்கால் சதை சுருங்கிப் போய் குதிகால் இறங்கவே இறங்காது, மாஸ்டர் எவ்ளோ கத்தினாலும். முழங்காலுக்கு நடுவுல ஒரு பந்து வெச்சு மெதுவா அழுத்தி அழுத்தி விடுங்க. கை ஊணாம நாற்காலில இருந்து எழுந்து உக்காருங்க, ஒத்தக் கால்ல நில்லுங்க, பக்கவாட்டு பிளாங்க் முடிஞ்ச அளவு. முக்கியமா அந்த ஆறு வாரத்துல வாரத்துக்கு ஒரு கிளாஸ ரெண்டு மூணா ஏத்துங்க. கேம்ப்போட முதல் நாளே உடம்புக்கு அதிர்ச்சியா இருக்கக் கூடாது.

சாமான் விஷயம் சுருக்கமா. சைக்கிள் ஹெல்மெட் போட்டுக்கிட்டு குதிரை ஏறாதீங்க, குதிரைக்குன்னே ஏஎஸ்டிஎம் எஃப்1163 மாதிரி தரக்குறி போட்டது வரும். கேம்ப்ல வாடகைக்குத் தர்றது முன்னாடி எத்தனை பேரோட விழுந்ததுன்னு யாருக்குத் தெரியும், ஒரு பலமான அடி வாங்கின ஹெல்மெட் வெளிய பளபளன்னு இருந்தாலும் உள்ள அதோட வேலை முடிஞ்சிடுச்சு, முடிஞ்சா சொந்தமா வாங்கிடுங்க. கட்டை தாண்டப் போறீங்கன்னா ஈஎன் 13158 லெவல் 3 தரக்குறி போட்ட பாதுகாப்பு வெஸ்ட் போடுங்க. செருப்பு ஸ்போர்ட்ஸ் ஷூ ரெண்டும் வேணாம், சின்னதா ஹீல் இருக்கற பூட்ஸ்தான் வேணும், ஹீல் இல்லேன்னா பாதம் அங்கவடிக்குள்ள முழுசா நுழைஞ்சு மாட்டிக்கும், விழுந்தாலும் குதிரை இழுத்துக்கிட்டே ஓடும். ஜீன்ஸ் உள்தையல் தொடைய உரிச்சு எடுத்துடும், இது முதல் நாளே புரிஞ்சிடும்.

சேணத்துல ஏறினாத்தான் ஆபத்துன்னு இல்ல, லாயத்துல நிக்கும்போதும் அடி படுது. குதிரைக்கு நேர் பின்னாடி கண்ணு தெரியாது, அங்க போய் நின்னா உதைதான். குதிரைய நடத்திக் கூட்டிட்டுப் போகும்போது கயித்த கையில சுத்திக்காதீங்க, அது மிரண்டு இழுத்தா விரல் போயிடும், மடிச்சுப் பிடிச்சாப் போதும். ஏறின கொஞ்ச நேரத்துல, சேணத்த குதிரை வயித்தோட சேத்துக் கட்டுற பட்டைய திரும்ப இறுக்கச் சொல்லுங்க, கட்டும்போது வயித்த உப்பி வெச்சுக்கிட்டு அப்புறம் தளர்த்துற குதிரைங்க நிறைய. அப்புறம் டெட்டனஸ் ஊசி, இத யாருமே கேக்கறதில்ல. குதிரைச் சாணமும் லாய மண்ணும் அந்தக் கிருமிக்கு சொந்த வீடு. பத்து வருஷத்துக்கு ஒரு பூஸ்டர் போட்டிருக்கணும், மண்ணு சாணி பட்ட காயம்னா கடைசி ஊசி போட்டு அஞ்சு வருஷம் ஆகியிருந்தாலே இன்னொண்ணு வேணும்.

விழுந்தா? தலைல அடிபட்டு குழப்பம், வாந்தி, தலைவலி, பார்வை மங்கல் எது இருந்தாலும் அன்னிக்கு திரும்ப ஏறக்கூடாது, "விழுந்த உடனே ஏறினாத்தான் பயம் போகும்"னு சொல்றத தலைக்காயத்துல கேக்காதீங்க, சில நேரம் அறிகுறி மணிக்கணக்கா கழிச்சுதான் வரும். கழுத்து, முதுகுத்தண்டு நடுவுல வலின்னா ஆளத் தூக்கி உக்கார வெக்காதீங்க. வயித்துல உதை வாங்கினவங்களுக்கு இடது தோள்பட்டை வலிச்சா அது தோள் வலி இல்லாம இருக்கலாம், மண்ணீரல் கிழிஞ்சு உள்ள ரத்தம் கசியலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க. கை ஊணி விழுந்து கட்டைவிரல் அடிப்பக்கம் வலிச்சா முதல் எக்ஸ்ரே நல்லா இருந்தாலும் நம்பாதீங்க, அங்க இருக்கற ஸ்காஃபாய்டுங்கற குட்டி எலும்போட விரிசல் பத்து பதினாலு நாள் கழிச்சு எடுத்தாத்தான் சிலருக்குத் தெரியும். சேணத்துல படுற இடம் மரத்துப் போயி, ஒண்ணுக்கு வர்றதுல தடங்கல்னா அது அதே நாள் எமர்ஜென்சி, வெக்கப்பட்டு என் அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறத்துல போனாலும் அப்படித்தான், தசை சிதைஞ்சு கிட்னிய அடைக்கிற நிலைமை அது.

பதிவு பண்றதுக்கு முன்னாடி கேம்ப்புக்கு ஒரு போன் போட்டு ஒரு நாளைக்கு சேணத்துல எத்தனை மணி நேரம், மூணாவது நாள் என்ன பண்ணுவீங்க, ஒரு வேளை ஓட்டாம லாய வேலை, சேணம் பராமரிப்பு, வீடியோ பாத்து பேசறது மாதிரி ஏதாவது உண்டா, இல்ல மாஸ்டர் கயித்துல பிடிச்சு வட்டத்துல சுத்த விடுற லஞ்ச் பாடம் தருவீங்களான்னு கேளுங்க. நல்ல மாஸ்டர்னா கேட்ட உடனே சொல்லுவார், உங்க வயசையும் அவரே திருப்பிக் கேப்பார். "அதெல்லாம் வந்து பாத்துக்கலாம் சார்"னு பதில் வந்தா வேற இடம் தேடுங்க.